நல்ல காலைக் கேட்ட டாக்டர்

ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மிஷின் வந்திருக்கிறதாம். எலும்பு மஜ்ஜையைக் குழாயில் ஊற்றி உள்ளே வைத்தால், கிறுகிறுவென்று சுற்றி வேண்டியதையும் வேண்டாததையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிடுமாம். இப்போது ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற பிள்ளைகள் இரண்டு பேர் போன மாதம் மேட்டுப்பாளையத்துக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். துக்கம் கேட்கத்தான் வந்தார்கள். கிளம்புகிற நேரத்தில், "செல்விக்கா, மிஷின் இல்லாத காலத்துல எப்படீங்க்கா மஜ்ஜை எடுத்தீங்க? எழுதிக் குடுங்க, நாங்க படிச்சுக்கறோம்" என்றார்கள்.

காலமாம் காலம். நான் வேலையை விட்டு மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வேலையிலிருந்து நின்றவர்கள் அனுபவம் எழுதுவதென்றால் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு வயது இருபத்தொன்பது. படிப்பு எட்டாவது. ஆனாலும் இப்போது எனக்கு வேறு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்தால் அழுகை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரி கோயமுத்தூரில் எலும்புக்கு மட்டும் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. முதலில் தரை துடைக்கத்தான் சேர்ந்தேன். கை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி ஆரோக்கியம் சிஸ்டர் என்னைத் தியேட்டருக்குள் இழுத்துக்கொண்டார். தியேட்டர் முழுக்க அவர் ராஜ்ஜியம். ஆபரேஷன் தொடங்கும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். உடனே, "சாமி வந்தாச்சு. இனி அவரு வேலைய அவரு பாப்பாரு, நம்ம வேலைய நாம பாப்போம். கத்தரிக்கோல் எங்க?" என்பார். துணி மடிப்பது, கிருமி போக ஆபரேஷன் சாமான் அவிப்பது, கேட்பதற்கு முன் எடுத்து நீட்டுவது எல்லாம் அவரிடம் படித்தேன். தப்புச் செய்தால் திட்ட மாட்டார். அந்தச் சாமானை மறுபடி அவிக்க வைப்பார். அவ்வளவுதான்.

டாக்டர் அன்னூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும். "என்னங்க இது?" என்றால் லேசான கோபம். "என்னங்க இதுங்க, கொஞ்சம் பாருங்க" என்று வந்துவிட்டால் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வோம்.

ஒடிந்த எலும்பு சில பேருக்கு ஒட்டாது. கட்டுப் போட்டு, கம்பி வைத்து, மாசக்கணக்கில் காத்திருந்தாலும் எக்ஸ்ரே படத்தில் இடையில் ஒரு கோடு அப்படியே நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இடுப்பெலும்பை வெட்டி எடுத்து அந்த இடைவெளியில் வைப்பதுதான் வழக்கம். எங்கள் டாக்டர் அதோடு இன்னொன்றும் செய்ய ஆரம்பித்தார். வெட்டாமல் தடித்த ஊசியால் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை உறிஞ்சி, அதை ஒடிந்த இடத்தில் ஊசி வழியாகவே விடுவது. "மஜ்ஜைக்குள்ள விதை மாதிரி செல் இருக்குதுங்க. ஸ்டெம் செல்லுன்னு பேரு. அது போய் உக்காந்த எடத்துல எலும்பாவே மாறும். ஆனா எல்லா எலும்புலயும் ஒரே மாதிரி இருக்காதுங்க. நம்ம ஊர்ல தோட்டத்துக்குத் தோட்டம் மண்ணு மாறுதில்லீங்களா, அப்படி" என்று சிஸ்டருக்குச் சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டேன்.

எப்படி எடுப்பார் என்பதைத்தான் பிள்ளைகள் கேட்டார்கள். ஊசிக்குள் ஒரு கம்பி இருக்கும். தோலில் ஒரே ஓட்டை. ஊசியை எலும்பு மேல் நிறுத்தி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி இறக்குவார். மேல் ஓடு கெட்டியாக இருக்கும். அதைத் தாண்டியதும் கை இளகும். அவர் தோளைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். உள்கம்பியை உருவி, ரத்தம் உறையாத மருந்தில் நனைத்த சிரிஞ்சை மாட்டி, வெடுக்கென்று ஒரு இழு. சிரிஞ்சின் அடியில் கொஞ்சம் வந்ததும் நிறுத்திவிடுவார். உடனே கழற்றி என்னிடம் தருவார். ஊசியைப் பாதி வெளியே எடுத்து, கட்டைவிரல் அகலம் தள்ளி, மறுபடி இறக்குவார். மறுபடி கொஞ்சம். மறுபடி தள்ளி. நான் சிரிஞ்சைக் குலுக்கக் கூடாது, சும்மாவும் வைக்கக் கூடாது. உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஜெல்லி மாதிரி உறைந்துவிடும்.

ஒரு தடவை, வெளியூரிலிருந்து பழக வந்த ஒரு இளம் டாக்டர், ஒரே இடத்தில் இழுத்து சிரிஞ்சு நிறைய எடுத்துவிட்டார். முகத்தில் பெருமை. எங்கள் டாக்டர் அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டுச் சாய்த்தார். அது தண்ணியாக வழிந்து ஓடியது.

"இது ரத்தமுங்க" என்றார்.

"மஜ்ஜைதான் சார், எலும்புக்குள்ளதான் சார் ஊசி இருந்துச்சு."

"இருந்துச்சுங்க. மொதல்ல வந்தது மஜ்ஜைங்க. அப்புறம் வந்ததெல்லாம் சுத்தீலும் இருந்து வந்த ரத்தமுங்க. போர் போட்டு மோட்டாரை நிறுத்தாம ஓட்டினா கடைசீல என்ன வரும்ங்க? ரத்தம் வேணும்ன்னா நான் ரத்த வங்கிக்கு ஆள் அனுப்பிருப்பேனுங்களே, கொஞ்சம் பாருங்க."

எத்தனை 'ங்க' வந்தது என்று பார்த்தீர்களா? சிஸ்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

அந்தக் கண்ணாடித் துண்டுதான் அவருடைய பழக்கம். எந்த எலும்பில் எடுத்தாலும் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்துப் பார்ப்பார். இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் எடுத்தது வழியும்போது ரவை சிந்தினது மாதிரி நுணுக்கு நுணுக்காகப் பொடி நிற்கும். அது நிறைய இருந்தால் அவர் முகம் தெளியும். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் ரசத்தில் எண்ணெய் மிதக்கிற மாதிரி மினுமினுக்கும், பொடி குறைவு. வயசாக ஆகக் கைகால் எலும்புகளில் மஜ்ஜை கொழுப்பாகிவிடும் என்பார். அதனால் எப்போதும் முதலில் இடுப்புதான்.

இப்போது மாரப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாரப்பன் மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்புகளில் மரம் ஏறுகிறவர். ஒரு மரத்திலிருந்து இறங்காமல், ஆட்டி வளைத்து அடுத்த மரத்தைப் பிடித்துப் போவார்களே, அந்த வேலை. விழுந்து வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, வேறொரு இடத்தில் இரண்டு ஆபரேஷன் ஆகி, ஒட்டாமல் எங்களிடம் வந்தார். இனிமேல் காலை எடுத்துவிடலாம் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். கூட அவர் அக்கா பாப்பாத்தி வந்திருந்தார். அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்தது அவர்தான்.

டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் கட்டைப் பிரித்து, ஒடிந்த இடத்தில் பெருவிரலால் அழுத்தி, இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து லேசாக வளைத்தார். அப்போது அவர் காலைப் பார்க்க மாட்டார், ஆளின் முகத்தைப் பார்ப்பார். மாரப்பனின் உதடு இழுத்துக்கொண்டது.

"புடிக்கலீங்க" என்றார் டாக்டர்.

இடுப்பைப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு பக்கமும் முன்பே எலும்பை வெட்டி எடுத்த தழும்பு, இனி அங்கே எடுக்க ஒன்றுமில்லை. பின்பக்கம் பார்த்தால், மாசக்கணக்கில் மல்லாந்து படுத்ததில் படுக்கைப்புண். புண் வழியாக ஊசி போனால் கிருமியையும் எலும்புக்குள் கொண்டு போகும். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நோயாளி கட்டிலில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"மாரப்பனுங்க, உங்க நல்ல கால்ல, முட்டிக்குக் கீழ கொஞ்சம் மஜ்ஜை எடுக்கலாம்ன்னு பாக்கறேனுங்க."

மாரப்பன் போர்வையை இழுத்து இடது காலை மூடிக்கொண்டார்.

"ஏனுங் டாக்டர், ஒரு கால் போச்சு. மிச்சம் இருக்கற ஒண்ணுலயும் ஓட்டை போடறீங்களா?"

"ஊசி மொனையளவு ஓட்டைதானுங்க. தானா மூடிக்கும்."

"உங்களுக்கு ஊசி மொனை. மரம் ஏறறவனுக்கு ரெண்டு காலும் ஒரே கயித்து வளையத்துக்குள்ள இருக்கோணும்ங்க. ஒண்ணு ஏமாத்துனாலும் கீழதான்."

"உங்க கால். நீங்க சொன்னாத்தான் தொடுவேனுங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்று டாக்டர் எழுந்து போய்விட்டார்.

பாப்பாத்தியக்கா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல காலையும் கெடுத்துப்போட்டா நான் அவனை எங்க கண்ணு கொண்டுபோய் வெப்பேன்?" என்று கேட்டார்.

சாயங்காலம் நான் புண்ணுக்கு மருந்து வைக்கப் போனபோது மாரப்பன் கேட்டார்: "அம்மணி, இது உன்ற காலா இருந்தா குடுப்பியா?"

"குடுத்துருவேனுங்க."

"ஏன்?"

"எனக்கு மரம் ஏறத் தெரியாதுங்களே."

அவர் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தார். "அப்ப உன்ற பேச்சு செல்லாது, போ" என்றார். மறுநாள் காலையில், "எடுத்துக்கச் சொல்லு. ஆனா பாத்து எடுக்கச் சொல்லு, அது ஒரு தப்பும் பண்ணாத காலு" என்றார்.

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்துத்தான் எடுத்தோம். அதனால் ஆள் முழித்திருந்தார். "அடிக்கறீங்களா திருகறீங்களா?" என்று மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். "திருகறேனுங்க" என்றார் டாக்டர். "பாக்கு மரத்துல இப்படித் திருகினா மொதலாளி வெரட்டிப்போடுவாருங்க" என்றார் மாரப்பன். சிஸ்டர், "பேசாம இருப்பா, அவரு கை ஆடும்" என்று அதட்டினார்.

டாக்டர் கண்ணாடித் துண்டில் சொட்டைச் சாய்த்தார். மினுமினுப்பு. பொடி அங்கொன்றும் இங்கொன்றும். எடுத்ததை ஒடிந்த இடத்தில், படம் பிடித்துப் பார்த்து, இன்னொரு ஊசி வழியாக மெதுவாக விட்டார். திரும்பக் கட்டுப் போட்டோம்.

அது பிடிக்கவில்லை. காத்திருந்து படம் எடுத்தபோது கோடு அப்படியே இருந்தது. பாப்பாத்தியக்கா வராந்தாவிலேயே ஓவென்று அழுதார். டாக்டர் மாரப்பனிடம் நேராகவே சொன்னார்.

"அந்த எடம் குடுக்கலீங்க. நான் நெனச்சது நடக்கல. புண்ணு ஆறட்டும், இடுப்புப் பின்னால எடுத்துப் பாப்போம். அதுவும் புடிக்கலீன்னா, காலை எடுக்கறதைப் பத்திப் பேசோணும்ங்க."

"நல்ல காலு சும்மா ஒதை வாங்குச்சு" என்றார் மாரப்பன். கோபத்தில் அன்று சாப்பிடவில்லை.

புண்ணை ஆற்றுவது என் வேலையானது. கவிழ்ந்து படுக்க வைக்க வேண்டும், காற்றுப் பட வேண்டும், நேரத்துக்குக் கழுவ வேண்டும். கட்டுப் போட்ட காலோடு கவிழ்ந்து படுப்பது லேசில்லை. "கவுந்து படுத்தா எனக்கு ஒலகமே சிமெண்டுத் தரைதான் அம்மணி. மேல இருந்தே பாத்துப் பழகிப்போச்சு" என்பார். தோப்புக்கு மேலிருந்து பார்த்தால் மலை எப்படித் தெரியும், ஊட்டி ரயில் புகை எந்தப் பக்கம் சாயும் என்றெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார். புண்ணுக்குத் துணி மாற்றுகிற நேரம் எனக்கு நீண்டுகொண்டே போனது. சிஸ்டர் கதவருகில் நின்று, "புண்ணு சின்னதாயிட்டே வருது, உனக்கு நேரம் பெருசாயிட்டே போவுது" என்றார்.

புண் மூடியது. இந்தத் தடவை இடுப்பின் பின்பக்கம். டாக்டர் எப்போதையும்விடக் கொஞ்சமாக இழுத்தார், எப்போதையும்விட அதிக இடத்தில் மாற்றினார். நான் சிரிஞ்சைச் சாய்த்துக்கொண்டே கண்ணாடித் துண்டை எட்டிப் பார்த்தேன். ரவை. அவ்வளவு ரவையை நான் பார்த்ததில்லை. சிஸ்டர் இரண்டாவது தடவையாகச் சிலுவை போட்டார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். முதல் படத்தில் கோட்டைச் சுற்றி லேசாக ஒரு மங்கல். அடுத்ததில் மேகம் மாதிரி வெள்ளை. அதற்கடுத்ததில் கோட்டையே காணோம், அந்த இடத்தில் உருண்டையாக ஒரு முடிச்சு. டாக்டர் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பெருவிரலால் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்து வளைத்து, மாரப்பன் முகத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"புடிச்சுக்கிச்சுங்க" என்றார்.

ஊன்றுகோலோடு எழுந்து நின்ற அன்று மாரப்பன் என்னிடம், "ஏன் அம்மணி, மரம் ஏறத் தெரியாதுன்னியே, கத்துக் குடுக்கட்டுமா?" என்றார். "மொதல்ல நீங்க வராந்தாவைத் தாண்டுங்க" என்றேன். அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். "வந்தவன் காலை மட்டும் எடுத்துட்டுப் போவான்னு பாத்தா, எங்க தியேட்டர் ஆளையும் சேத்து எடுத்துட்டுப் போறான்" என்று சிஸ்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலையிலிருந்து நின்று மேட்டுப்பாளையம் வந்தேன்.

அவர் திரும்ப மரம் ஏறினார். வேண்டாம் என்று நான் சொன்னேன். மார்க்கெட்டில் தராசு பிடிக்கிற வேலை கிடைத்தது, கொஞ்ச நாள் போனார். ஒரு நாள் சொல்லாமல் தோப்புக்குப் போய்விட்டு வந்து, குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் நான் தடுக்கவில்லை.

இந்த ஆடி மாசம் விழுந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். பக்கத்து மரத்தில் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்களாம். எப்படி விழுந்தார் என்று யாருக்கும் தெரியாது. கழுத்தில் அடி. வீட்டுக்குக் கொண்டு வரும்போது உயிர் இல்லை.

சாவு வீட்டில் பாப்பாத்தியக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில், "அந்த ஊசி போட்ட காலு ஏமாத்திப்போட்டுதே, அந்தக் காலு ஒடிஞ்சுதான் உழுந்துபோட்டியே சாமி" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகை நின்றுவிட்டது. அதே நினைப்புத்தான் எனக்கும். நாங்கள் ஒட்டவைத்த அந்த வலது கால் மறுபடி விட்டுப்போயிருந்தால், சிரிஞ்சைச் சாய்த்துச் சாய்த்துக் கொடுத்த என் கையும் அதில் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் நினைத்தேன். அன்றைக்கே காலை எடுத்திருந்தால் இன்றைக்கு ஏதாவது கடை வாசலில் உட்கார்ந்து என்னைக் கேலி பண்ணிக்கொண்டிருப்பார். இப்படி நினைக்கலாமா என்று தெரியாது. நினைத்தேன்.

சுட்ட மறுநாள் சாம்பலில் எலும்பு பொறுக்கி வந்தார்கள். பாப்பாத்தியக்காவின் வீட்டுக்காரர் கலயத்தைத் துணியால் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவராமல் முருங்கை மரக்கிளையில் தொங்கவிட்டார். கையைக் கழுவிக்கொண்டே, "ஒரு துண்டு மட்டும் கரும்புக் கரணை மாதிரி தடிச்சுக் கெடந்துது. மத்ததெல்லாம் தொட்டா நொறுங்குது, அது நொறுங்கல" என்று சொன்னார்.

நான் எழுந்தேன். "அண்ணா, அதை எனக்குக் காட்டுங்க."

"பொம்பளைங்க பாக்கறதில்லீம்மா."

"நான் எலும்பு பாத்தே சோறு தின்னவ. எறக்குங்க."

இறக்கினார். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பில் ஒரு விரல் நீளத் துண்டு. மேலேயும் கீழேயும் உடைந்திருந்தது. நடுவில் முடிச்சு. படத்தில் மட்டுமே பார்த்த மேகம், வெள்ளையாக, கெட்டியாக. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? முதலில் நானே நம்ப மாட்டேன்.

பவானி கூடுதுறையில் கரைக்கப் போகும்போது, கோயமுத்தூர் வழியாகப் போகலாம் என்றேன். பாப்பாத்தியக்கா, "செத்தவன் எலும்பைக் கொண்டுபோய் ஆசுபத்திரீல காட்டறதா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். அப்புறம் பஸ்ஸில் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

கலயத்தோடு ஆஸ்பத்திரிக்குள் நுழையக் கூடாது. நான் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஆள் அனுப்பினேன். அது டாக்டர் நோயாளிகளைப் பார்க்கிற நேரம். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். பின்னாலேயே ஆரோக்கியம் சிஸ்டர். டாக்டர் என்னைப் பார்த்தார், கலயத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"மாரப்பனுங்களா?" என்றார்.

தலையாட்டினேன். அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன். சொல்ல வேண்டியதைப் பாப்பாத்தியக்காவே சொன்னார்: "உங்க ஊசி போட்ட காலு ஒடிஞ்சுதான் என்ற தம்பி உழுந்தான்னு நான் சொல்றனுங்க. ஆமாவா இல்லியா, நீங்க சொல்லுங்க."

டாக்டர் வெறும் கையில் வாங்கினார். வெயிலுக்குத் திருப்பி, உடைந்த இரண்டு முனையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு முடிச்சின் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினார். இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தார். பழக்கம். அப்போது அவர் கண் எங்கே போவதென்று தெரியாமல் என் முகத்தில் வந்து நின்றது.

"மேலயும் கீழயும் தீயில வெடிச்சதுங்க. இங்க வெடிக்கல. இந்த எடம் ஒடியவே இல்லீங்க" என்றார். "அவரு எதனால உழுந்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. இதனால இல்லீங்க."

சிஸ்டர் என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். கேட்டருகே, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். டாக்டர் எலும்பைத் திருப்பி என்னிடம் தரவில்லை. பாப்பாத்தியக்காவின் கையில் கொடுத்தார்.

பிள்ளைகளே, மிஷின் வந்தது நல்லதுதான். கொஞ்சத்தையும் அது நிறையவாக்கித் தரும் என்கிறீர்கள். ஆனால் மிஷினுக்குள் ஊற்றுவதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி எடுங்கள். இடுப்பு கிடைக்காமல் நல்ல காலைத் தொட வேண்டி வந்தால், கட்டிலில் உட்கார்ந்து அந்த ஆளிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கூடுதுறையில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கலயத்தைக் கவிழ்த்ததும் சாம்பல் பரவி, இழுத்துக்கொண்டு போனது. சின்னத் துண்டுகள் கொஞ்ச தூரம் உருண்டன. பாப்பாத்தியக்கா முடிச்சுத் துண்டைக் கோயமுத்தூரிலிருந்து முந்தானையில் முடிந்து வந்திருந்தார். அவிழ்த்து, அவரும் ஒரு தடவை பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே உடு, அம்மணி" என்றார்.

சிரிஞ்சைச் சாய்ப்பதுபோல் கையைச் சாய்த்தேன். அது மிதக்கவில்லை, உருளவில்லை. நேராக அடிக்குப் போனது.